கையகலப் பலகை மேசைக் கணினி ஆகுமா?

2000-களின் நடுவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலுக்கு விண்ணப்பிப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வந்து சேர்ந்தவர்களிலும் சொந்தமாக நிரல் எழுதிப் பழகியவர்கள் அபூர்வம். 1980-களில் வீட்டுத் தொலைக்காட்சியில் பிபிசி மைக்ரோவை மாட்டி, ராத்திரி பகலாகத் தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்த ஊர் அது. அந்த வகைக் கணினியை மறுபடி பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டும் என்று அங்கே பாடம் நடத்திய எபென் அப்டனும் சகாக்களும் நினைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ராஸ்பெர்ரி பை. முதல் பலகைகளுக்கு மாடல் ஏ, மாடல் பி என்று பெயர் வைத்ததே பிபிசி மைக்ரோவின் நினைவாகத்தான்.

2012 பிப்ரவரி 29 அன்று மாடல் பி விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். வாங்க வந்த கூட்டத்தில் இரண்டு விநியோக நிறுவனங்களின் இணையதளங்களும் படுத்துவிட்டன. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2011 அக்டோபரில், டெல்லியிலும் இதே 35 டாலர் பேச்சு அடிபட்டது. மாணவர்களுக்கான ஆகாஷ் டேப்லெட்டை மத்திய அரசு அறிமுகப்படுத்திய சமயம் அது. ஆகாஷ் சீக்கிரமே பேச்சிலிருந்து மறைந்தது. பை மட்டும் 6 கோடிக்கு மேல் விற்று, 2024 ஜூனில் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலானது.

பிள்ளைகள் படிக்கவும் பரிசோதிக்கவும் செய்த பலகை என்றாலும், வாங்கியவர்கள் முதல் நாளிலிருந்தே கேட்ட கேள்வி வேறு. இதை வைத்து வீட்டுக் கணினியின் வேலையை ஓட்ட முடியுமா? மின்னஞ்சல், இணையம், கடிதம், கணக்கு அட்டவணை, நாலு காணொளி. இதற்கு எதற்குப் பெரிய பெட்டி? ஒவ்வொரு புதிய மாடல் வரும்போதும் இதே கேள்வி எழுந்தது, பதில் மாறிக்கொண்டே வந்தது. வேடிக்கை என்னவென்றால், பலகை மேசைக்குத் தகுதியான வேகத்தை எட்டிய நேரத்தில், ‘மலிவு’ என்ற வாதம் கையை விட்டுப் போயிருந்தது.

முதல் பலகையை மேசைக் கணினி என்று சொல்வது மரியாதைக்காகத்தான். 700 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒற்றைக் கோர், 256 எம்பி நினைவகம் (அந்த ஆண்டு அக்டோபரிலேயே 512 ஆக்கினார்கள்). மிடோரி என்ற எடைகுறைந்த உலாவியைத் தந்தார்கள். அதிலும் ஒரு செய்தித்தாள் பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். ஆனால் அதே பலகை 1080பி படத்தைத் தடங்கலில்லாமல் ஓட்டியது. சில்லு பிராட்காமின் ஊடகப் பெட்டிகளுக்காக வடிவமைத்த வகை என்பதால், எச்.264 காணொளியை அவிழ்க்கத் தனிச் சுற்று உள்ளேயே இருந்தது. பழைய டிவிடி வகையான எம்பெக்-2 காணொளி வேண்டுமென்றால் உரிமச் சாவியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆக, பலரது வீட்டில் முதல் பை போய் உட்கார்ந்த இடம் தொலைக்காட்சிக்குப் பின்பக்கம்.

2015-இல் நான்கு கோர்களுடன் இரண்டாவது தலைமுறை, 2016-இல் வைஃபையுடன் மூன்றாவது. இரண்டிலும் 1 ஜிபிதான். குரோமியம் உலாவியில் நாலைந்து தாவல் திறந்தால் மூச்சுத் திணறும்.

திருப்பம் 2019 ஜூனில் வந்த பை 4. ஏ72 கோர்கள், 1, 2, 4 ஜிபி எனத் தேர்வு, யூஎஸ்பி 3.0, இரண்டு திரை மாட்ட இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ. அதுவரை ‘முடியுமா’ என்று இருந்த கேள்வி ‘பொறுமை இருந்தால் முடியும்’ என்றானது. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே சில்லை 1.8 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, விசைப்பலகைக்கு உள்ளேயே வைத்து பை 400 என்று விற்றார்கள். தனியாக 70 டாலர், மவுஸ், மின்னேற்றி, கார்டு, கேபிள், கையேடு சேர்த்து 100. கொரோனா பொதுமுடக்கத்தில் பள்ளி மூடிக் கிடந்த காலம் அது. வீட்டில் கணினி இல்லாத பிரிட்டன் மாணவர்களுக்கு ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையும் புளூம்ஃபீல்டு டிரஸ்டும் சேர்ந்து பை தொகுப்புகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. வகுப்பு, வீட்டுப்பாடம், தட்டச்சு எல்லாம் அதில்தான் நடந்தன. மேசைக் கணினி என்ற பெயரை இந்தப் பலகை நியாயமாகச் சம்பாதித்தது அப்போதுதான் என்று சொல்லலாம்.

2023 அக்டோபரில் வந்த பை 5 வேகக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏ76 கோர்கள், முந்தையதைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு வேகம். லிப்ரே ஆபிஸ் சட்டென்று திறக்கிறது. பத்துப் பன்னிரண்டு தாவல்களை 8 ஜிபி பலகை சலிக்காமல் தாங்குகிறது. சூடு 80 டிகிரியைத் தொட்டால் பலகை தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 5 டாலர் விசிறியை மாட்டினால் அந்தக் கவலையும் இல்லை. ஆக, இன்று பையை மேசையில் வைக்கலாமா என்று பேசும்போது வேகத்தை விட்டுவிடலாம். தலைவலி எல்லாம் பலகையைச் சுற்றி இருப்பவற்றில்.

முதலில் கார்டு. நெடுங்காலம் இந்தப் பலகைகளின் ஹார்டு டிஸ்க் என்பது நகத்தளவு மைக்ரோ எஸ்டி கார்டுதான். கேமராவுக்குச் செய்த சரக்கு அது. ஒரு பெரிய படக் கோப்பை நேராக எழுதுவதில் கெட்டி. இயங்குதளம் செய்வதோ வேறு வேலை. பதிவேடுகள், உலாவியின் தற்காலிகக் கோப்புகள், தரவுத்தளத் துணுக்குகள் என்று ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுதும். அங்கே கார்டு தடுமாறும். பயனர் கண்ணுக்குத் தெரிவது, மவுஸ் நகர்கிறது, ஆனால் சொடுக்கினால் சில நொடி எதுவும் நடக்கவில்லை என்பது. ‘பை மெதுவானது’ என்ற குற்றச்சாட்டில் பாதிக்குக் குற்றவாளி கார்டுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் இன்னும் மோசம். கார்டுக்குள் இருக்கும் சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு பாதியில் விட்ட வேலை, மறுநாள் இயங்குதளமே எழாமல் போவதில் முடியலாம்.

தீர்வு எஸ்எஸ்டி. பை 4-இல் யூஎஸ்பி வழியாக மாட்டி அதிலிருந்தே தொடங்கலாம். பை 5-இல் பிசிஐஇ இணைப்பு இருப்பதால் 12 டாலர் துணைப்பலகை ஒன்றைச் சேர்த்து என்விஎம்இ வட்டை நேரடியாக மாட்டலாம். மாட்டிப் பார்த்தவர்கள் பலகையையே மாற்றியது போல உணர்கிறார்கள். 2025 செப்டம்பரில், பை 400 போலவே விசைப்பலகைக்குள் வந்த பை 500+ மாடலில் 256 ஜிபி எஸ்எஸ்டியும் 16 ஜிபி நினைவகமும் உள்ளேயே வந்துவிட்டன. வந்தபோது விலை 200 டாலர்.

அடுத்தது மின்சாரம். பை திரையின் மேல் மூலையில் சில நேரம் மஞ்சள் மின்னல் குறி ஒன்று எட்டிப் பார்க்கும். பலகைக்குள் வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. காரணம் அநேகமாகப் பழைய போன் சார்ஜர், அல்லது ஒல்லியான கேபிள். சார்ஜரில் 5 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். ஒரு மீட்டர் மெல்லிய கம்பியைக் கடந்து வருவதற்குள் அது கரைந்துவிடும். அதனால்தான் நிறுவனமே விற்கும் மின்னேற்றி 5.1 வோல்ட் தருகிறது. மின்னலைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வேகம் குறையும், யூஎஸ்பி வட்டு திடீரென்று கழன்றுகொள்ளும், கடைசியில் கோப்புகள் கெடும். பை 5 கேட்பது 5 வோல்ட், 5 ஆம்பியர். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான டைப்-சி சார்ஜர்கள், லேப்டாப்புக்கான 65 வாட் சார்ஜர்கள்கூட, 5 வோல்ட்டில் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். அப்படிப்பட்ட ஒன்றை மாட்டினால் பலகை இயங்கும், ஆனால் யூஎஸ்பி துளைகளுக்கெல்லாம் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் விடும். வெளி ஹார்டு டிஸ்க் ஏன் சுழலவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சுவர்ப் பக்கம்.

கடிகாரம் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. எந்தச் சாதாரணக் கணினியிலும் தாய்ப்பலகையில் காசு வடிவ பேட்டரி ஒன்று இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காக்கும். பை 4 வரை அந்தக் கடிகாரமே கிடையாது. பை 5-இல் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். இணையம் இருந்தால் பிரச்சினை இல்லை, நேரத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மின்வெட்டு முடிந்து பலகை எழுந்துவிட்டது, ரவுட்டர் இன்னும் எழவில்லை என்றால், கணினி கடைசியாக அணைந்த நேரத்திலேயே நின்றுகொண்டிருக்கும். அப்போது சேமிக்கும் கோப்பில் தப்பான தேதி விழும். கணக்கு வழக்கு பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இப்படிச் சின்னச் சின்னதாக இன்னும் உண்டு. பை 4, 5 இரண்டிலும் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ, ஊர்க் கடையில் அந்த கேபிளைக் கேட்டால் மினி எச்டிஎம்ஐயை எடுத்து நீட்டுவார்கள். பை 400-இலும் பை 5-இலும் ஹெட்போன் துளை இல்லை. அணைக்கவும் எழுப்பவும் தனிப் பொத்தான் பலகையில் வந்ததே பை 5-இல்தான்.

இவை எல்லாவற்றையும் கூட்டினால் விலைக் கணக்கு மாறுகிறது. 4 ஜிபி பை 5 வந்தபோது 60 டாலர். மின்னேற்றி 12, விசிறி 5, பெட்டி 10. கார்டையோ வட்டையோ சேர்க்காமலே 87 ஆகிவிட்டது. என்விஎம்இ வட்டும் அதற்கான துணைப்பலகையும் சேர்ந்தால் நூறைத் தாண்டும். விசைப்பலகை, மவுஸ், திரை ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. இந்தியாவில் வரியும் விற்பனையாளர் லாபமும் வேறு சேரும்.

மென்பொருள் பக்கம் நிலைமை நன்றாகவே இருக்கிறது, ஒரு எல்லைக்குள். டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட ராஸ்பெர்ரி பை ஓஎஸ் பழகியவர்களுக்கு எளிது. 2022-இல் அதன் 64 பிட் வடிவம் அதிகாரபூர்வமாக வந்தது. லிப்ரே ஆபிஸ், கிம்ப், தண்டர்பேர்டு, விஎஸ் கோடு எல்லாம் ஓடும். கட்டணத் திரைப்படத் தளங்களுக்கு வேண்டிய வைட்வைன் என்ற பூட்டுத் திறப்பான் 2021-இல்தான் கிடைத்தது, அதிலும் படத்தின் தெளிவைத் தளங்கள் குறைத்தே தருகின்றன. பையில் இருக்கும் ஆர்ம் வகைச் சில்லுக்கான லினக்ஸ் செயலி ஜூமுக்குக் கிடையாது, உலாவிக்குள்தான் கூட்டம் நடத்த வேண்டும். முதல் பலகைக்குப் புகழ் தேடித் தந்த எச்.264 தனிச் சுற்றை பை 5-இலிருந்து எடுத்தே விட்டார்கள். கோர்களே அந்த வேலையைச் சுமக்கும் அளவுக்கு வேகமாகிவிட்டன என்பது காரணம். யூடியூப் 1080பி ஓடுகிறது, விசிறிச் சத்தம் கொஞ்சம் கேட்கும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு நல்ல செய்தி. ஐபஸ், எம்17என் தொகுப்புகளை நிறுவினால் தமிழ்99, ஒலியியல், தட்டச்சு முறை, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் கிடைக்கும். இலங்கையில் பழகியவர்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் உண்டு. லோகித், நோட்டோ எழுத்துருக்கள் டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. யூனிகோடில் எழுதி மின்னஞ்சலில் அனுப்பும் எழுத்தாளருக்கோ மொழிபெயர்ப்பாளருக்கோ ஆசிரியருக்கோ குறை ஒன்றும் தெரியாது.

சிக்கல், அச்சிடச் சொல்லும்போது தொடங்குகிறது. இந்தியாவின் வக்கீல் அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் வருஷக்கணக்கில் உழைத்துக்கொண்டிருக்கும் கேனான் எல்பிபி2900 பிரிண்டரை எடுத்துக்கொள்வோம். கேனான் தன் லினக்ஸ் டிரைவரை இன்டெல் வகைச் சில்லுகளுக்காக மட்டுமே தொகுத்து வெளியிட்டது. பையில் இருப்பது ஆர்ம். அந்த டிரைவர் இதில் ஏறாது. தன்னார்வலர்கள் பிரிண்டரின் பேச்சை ஒட்டுக்கேட்டு எழுதிய மாற்று டிரைவர் ஒன்று உண்டு, அதை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவும் பொறுமை ஜெராக்ஸ் கடைக்காரருக்கு எங்கிருந்து வரும்? வைஃபை வழியாக டிரைவரே இல்லாமல் அச்சிடும் புதிய பிரிண்டர்களில் இந்தத் தொல்லை இல்லை.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி விண்டோஸுக்கானது. டிடிபி கடைகள் இன்னும் விடாமல் வைத்திருக்கும் பேஜ்மேக்கரும் அப்படியே. ஜிஎஸ்டி, வருமான வரித் தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸை நம்பியே இருக்கிறது. பாக்ஸ்64, வைன் என்று மொழிபெயர்ப்பு அடுக்குகளைப் போட்டுச் சில விண்டோஸ் செயலிகளை பையில் ஓட்டிக் காட்டுபவர்கள் உண்டு. வித்தையாகப் பார்க்கலாம், வரிக் கணக்குக் கடைசித் தேதியன்று நம்பி உட்கார முடியாது. ஆகவே ஒரு கணக்காளரின் மேசைக்கு இந்தப் பலகை ஆகாது என்று தயங்காமல் சொல்லிவிடலாம். எத்தனை கோர், எத்தனை ஜிபி என்பதற்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை.

பை மட்டும்தான் பலகையா என்றால், இல்லை. கொரியாவின் ஓட்ராய்டு, சீனாவின் ஆரஞ்சு பை, ராட்சா, ஏசஸின் டிங்கர் போர்டு என்று வரிசை நீளும். தாளில் பார்த்தால் பலவும் பையை மிஞ்சும். ராக்சிப்பின் ஆர்கே3588 சில்லில் நான்கு ஏ76 கோர்களும் நான்கு ஏ55 கோர்களும் உண்டு. அதைக் கொண்ட ஆரஞ்சு பை 5 சந்தைக்கு வந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்தே ராஸ்பெர்ரி பை 5 வந்தது. ஆனால் வாங்கியவர் என்ன செய்ய வேண்டியிருந்தது? கூகுள் டிரைவ் இணைப்பிலிருந்து இயங்குதளத்தை இறக்கி, தயாரிப்பாளர் தன் பாட்டுக்குத் திருத்திய பழைய 5.10 கெர்னலோடு காலந்தள்ள வேண்டியிருந்தது. அந்தச் சில்லுக்கான ஆதரவு லினக்ஸின் மூலக் கெர்னலுக்குள் துண்டு துண்டாகப் போய்ச் சேர ஆண்டுகள் பிடித்தன. ஆர்ம்பியன் என்ற தன்னார்வத் திட்டம் இல்லாவிட்டால் இந்தப் பலகைகளில் பாதி, வாங்கிய மறு வருஷமே இழுப்பறைக்குப் போயிருக்கும். ராஸ்பெர்ரி பையின் நிஜமான பலம் இங்கேதான். 2012-இல் வாங்கிய முதல் பலகைக்கும் 32 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் இன்றும் பொருந்துகிறது. பத்தாண்டைத் தாண்டியும் தயாரிப்பாளரிடமிருந்தே இயங்குதளம் கிடைக்கும் கைபேசி ஒன்றைக் காட்டச் சொன்னால் கஷ்டம்.

இந்தப் பலகைகளுக்கு உண்மையான போட்டி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2021-இல் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு. கையிருப்பை பை நிறுவனம் முதலில் தொழிற்சாலை வாடிக்கையாளர்களுக்கே ஒதுக்கியது, அவர்கள் பிழைப்பே பலகையை நம்பி இருந்ததால். வீட்டுப் பயனர்கள் வரிசையில் நின்றார்கள், அல்லது பதுக்கிவைத்து விற்பவர்களிடம் பல மடங்கு கொடுத்தார்கள். 2021 அக்டோபரில் 2 ஜிபி பை 4-இன் விலையை 35-லிருந்து 45 டாலராக நிறுவனமே ஏற்றியது. அந்த இடைவெளியில் மக்கள் வேறு பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய நிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டு ஓட்டிவிட்டுக் கழித்துவிட்ட லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி வகைக் குட்டிக் கணினிகள் பழைய பொருள் சந்தையில் குவிந்து கிடந்தன. பெட்டி, மின்னேற்றி, எஸ்எஸ்டி, கடிகார பேட்டரி, பெரிய எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட் எல்லாம் உள்ளேயே. இன்டெல் சில்லு என்பதால் எல்பிபி2900-உம் பேசும். 2023-இல் இன்டெல் என்100 சில்லு வந்ததும், 6 வாட் அளவீட்டில் பை 5-ஐ விட வேகமான புதிய குட்டிக் கணினிகளும் அதே விலைப் பக்கத்துக்கு இறங்கின.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற மறுக்கும், மற்றபடி நல்ல உடம்போடு இருக்கும் கணினிகள் சென்னையின் ரிச்சி தெரு போன்ற சந்தைகளுக்கு வந்துசேர இது இன்னொரு காரணம். அவற்றில் பையில் ஓடும் அதே டெபியனைப் போட்டால் இன்னும் பல ஆண்டு ஓடும்.

அப்படியானால் பலகைக்கு மிச்சம் என்ன? மின்சாரச் சிக்கனம் என்பார்கள். பழைய டவர் கணினி சும்மா இருக்கும்போதே 40, 50 வாட் இழுக்கும், பை 5-க்கு 4 வாட்டுக்குள் போதும். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் நூறு யூனிட் அளவுக்கு மிச்சம். டவருக்கு எதிராக இது பலமான வாதம். பழைய குட்டிக் கணினியும் சும்மா இருக்கையில் 10 வாட் அளவில்தான் நிற்கும் என்பதால் அங்கே வித்தியாசம் சில வாட்தான். சூரிய மின்பலகையிலோ சின்ன பேட்டரியிலோ ஓட வேண்டிய இடங்களில் மட்டும் அந்தச் சில வாட்டுக்கு மதிப்பு அதிகம்.

பள்ளி ஆய்வகங்களில் பலகைக்கு இன்னும் நியாயமான இடம் உண்டு. பாடமே நிரல் எழுதுவது, இணைப்பு ஊசிகளில் எல்இடியை மாட்டி எரிய வைப்பது என்றால், 40 ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும் கணினி வேறு எது? ஒரு மாணவன் கெடுத்துவிட்டால் கார்டை மாற்றிப் போட்டு அடுத்த வகுப்புக்கு மணியடிப்பதற்குள் தயார் செய்துவிடலாம். முன்னால் குறையாகத் தெரிந்த கார்டு இங்கே வசதி. மேசையில் பலகை, வேலை எல்லாம் சர்வரில் என்ற ஏற்பாட்டுக்கும் இது பொருந்தும். என்கம்ப்யூட்டிங் நிறுவனம் பை 3-ஐ உள்ளே வைத்து ஆர்எக்ஸ்300 என்ற முனையத்தையே விற்றது. டேலி சர்வரில் ஓடும், பலகை திரையைக் காட்டும். கணக்காளர் மேசைக்கு இது நுழையக்கூடிய ஒரே வாசல் அதுதான்.

வீட்டுக்கு என்றால், பிள்ளைக்கு முதல் கணினி வாங்குபவர் விசைப்பலகைக்குள்ளேயே வரும் பை 400 அல்லது 500 பக்கம் போவது நல்லது. பலகையைத் தனியாக வாங்கிப் பெட்டி, கேபிள் தேடி அலைவதைவிட அது மிச்சம். தனக்கு எழுத, படிக்க, உலாவ என்று வாங்குபவர் 4 ஜிபிக்குக் குறைந்து யோசிக்க வேண்டாம், கார்டை விட்டு எஸ்எஸ்டிக்குப் போகட்டும், மின்னேற்றியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். அதற்கும் முன்பு, வீட்டில் இருக்கும் பிரிண்டர் ஆர்ம் லினக்ஸோடு பேசுமா என்று பார்த்துவிட வேண்டும்.

2025 டிசம்பரில் இன்னொரு விலையேற்றம் வந்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் 4 ஜிபி பை 5-இன் விலை 70 டாலரானது, 16 ஜிபி 120-லிருந்து 145-க்குத் தாவியது. கூடவே 45 டாலருக்கு 1 ஜிபி பை 5 ஒன்றையும் அறிவித்தார்கள். கதவைத் திறக்கவோ கேமராவைக் கண்காணிக்கவோ அது தாராளம். இன்றைய உலாவிக்குப் போதாது. புதிய என்100 கணினிகளும் இதே நினைவகத்தைத்தான் வாங்கியாக வேண்டும் என்பதால் அவற்றின் விலையும் இதிலிருந்து தப்ப முடியாது. யாரோ முன்பே காசு கொடுத்து வாங்கிய 8 ஜிபியோடு கிடைக்கும் பழைய அலுவலகக் கணினிதான் இப்போதைக்கு மலிவு.